வெயில் கொளுத்திய நண்பகலில் இருண்டு கிடந்த மாவுப் பட்டறை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் இட்லி, தோசை மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். என் மாமியார் இரண்டு கிரைண்டர்களோடு தொடங்கிய தொழில் இது. இன்று ஆறு கிரைண்டர்களும் இரண்டு குளிரறைகளும் ஒன்பது ஆட்களுமாக வளர்ந்திருக்கிறது. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையை இங்கிருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் பட்டறைக்குள் வெள்ளம் வரவில்லை, ஆனால் மின்சாரம் ஒன்றரை நாள் வரவில்லை. குளிரறையில் அடுக்கியிருந்த 900 கிலோ மாவும் புளித்து, பொட்டலங்கள் தலையணை போல உப்பி, சில வெடித்துச் சுவரெல்லாம் வழிந்தன. அந்த வாரமே கடன் வாங்கி, ஒருவர் பயன்படுத்திய 40 கேவிஏ, அதாவது 32 கிலோவாட் தரக்கூடிய, டீசல் ஜெனரேட்டரை 26,000 ரிங்கிட்டுக்கு வாங்கிப் பட்டறையின் பின்புறம் நிறுத்தினேன். அன்று தொடங்கி இன்றுவரை, ஜெனரேட்டர், சோலார், பேட்டரி என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, பட்டறைக்கென்று ஒரு சிறு மின்வலையை, மைக்ரோகிரிட் என்று சொல்கிறார்களே, அதை அமைத்துக்கொண்ட கதைதான் இது. ஒவ்வொரு படியிலும் நான் செய்த பிழையை முன்கூட்டியே சொல்லக்கூடியவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களைத் தேட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

2022இல் கூரையில் 30 கிலோவாட் சோலார் தகடுகள் போட்டேன். 98,000 ரிங்கிட், அதில் பாதி வங்கிக் கடன். விற்க வந்த தம்பி என் மின்கட்டண ரசீதுகள் ஆறை வாங்கிக் கூட்டிப் பார்த்து, கூரையை ட்ரோனில் படம் எடுத்து, “அக்கா, இனி வெயில் இருக்கும்வரை உங்களுக்குக் கவலையே இல்லை” என்றார். அவர் கட்டணத்தைப் பற்றிச் சொன்னார். நான் மின்தடையைப் பற்றியும் சேர்த்துச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்றரை யூனிட் தரும். அந்தக் கணக்குப்படி மாதம் மூவாயிரம் யூனிட்டுக்குமேல் வரத்தான் செய்தது. ஆனால் நாங்கள் மாவு அரைத்தது இரவு ஒன்பது மணியிலிருந்து ஒரு மணிவரை. பகலில் குளிரறைகள் மட்டுமே ஓடும். ஆகவே தகடுகள் தந்ததில் பாதிக்குமேல் வெளியே போனது. மிஞ்சும் சோலார் மின்சாரத்தை வெளியே அனுப்பிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் நிகர மின்னளவீட்டுத் திட்டத்தில் வணிகர்களுக்கான பிரிவில், நாம் வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு நாம் வாங்கும் விலை கிடைக்காது. அதைவிடக் குறைவான மொத்தச் சந்தை விலைதான் கணக்கில் வரும். இது ஒப்பந்தத்தில் எழுதியே இருந்தது. நான் படிக்கவில்லை. இனிமேல் போடுகிறவர்களுக்கு அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் 30உடன் முடிந்துவிட்டது. இப்போதுள்ள விதியில் வெளியே போகும் யூனிட்டுக்கு என்ன விலை என்பதைத் தகட்டின் விலையைக் கேட்பதற்கு முன்பே கேளுங்கள்.

அடி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகல் பன்னிரண்டரை மணிக்கு. மின்சாரம் போனது. கூரைமேல் வெயில் கொளுத்துகிறது, தகரம் படபடவென்று சூட்டில் சத்தம் போடுகிறது, உள்ளே எல்லாம் இருட்டு. “சோலார் இருக்கே அக்கா?” என்று ஒரு பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜெனரேட்டரை ஓட்டலாம் என்று போனால், அதைக் கிளப்பும் பேட்டரி செத்திருந்தது. சோலார் வந்துவிட்டதே என்ற தைரியத்தில் ஏழு மாதமாக யாரும் அதைத் தொடவில்லை. நான்கு மணி நேரத்தில் 400 கிலோ போனது. விற்றவருக்குத் தொலைபேசியில் பேசியபோது, “அது அப்படித்தான் அக்கா, கரண்டு இல்லாவிட்டால் சோலாரும் நின்றுவிடும், பாதுகாப்புக்காக” என்று, நான் கேட்டதே தவறு என்பது போல ஒரு குரலில் சொன்னார். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அவர் சொன்னது உண்மைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஜனையில் ஒருவர் தாளம் போட, மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள் இல்லையா, சாதாரண சோலார் இன்வெர்ட்டர், அதாவது தகடு தரும் மின்சாரத்தை இயந்திரங்கள் பயன்படுத்தும் மின்சாரமாக மாற்றும் பெட்டி, அப்படிப் பின்பாட்டுக்காரர். வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் தாளத்தைக் கேட்டு, அதற்கு இசையத் தன் மின்சாரத்தைச் சேர்க்கும். தாளம் நின்றால் தானும் நின்றாக வேண்டும்; நிற்காமல் கம்பத்துக்கு மின்சாரம் அனுப்பிக்கொண்டிருந்தால், லைன் செத்துவிட்டது என்று நம்பி மேலே ஏறும் ஊழியரின் உயிர் போகும். மின்தடையின்போதும் பட்டறை ஓட வேண்டுமானால் இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று, நம் கட்டடத்தை வெளிவலையிலிருந்து, அதாவது ஊருக்குப் பொதுவான மின்வலையிலிருந்து, சட்டென்று முழுவதுமாகத் துண்டிக்கும் சுவிட்ச். மற்றொன்று, துண்டித்த பிறகு உள்ளே தாளம் போடும் இன்வெர்ட்டர், அதாவது தானாகவே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்கித் தரக்கூடியது. விலைப்பட்டியலில் இவை இரண்டும் இல்லை என்றால், எத்தனை தகடு போட்டாலும் மின்தடைக்கு அவை உதவாது.

அடுத்த ஆண்டு வேறொருவரிடம் 40 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும், தாளம் போடக்கூடிய 30 கிலோவாட் இன்வெர்ட்டரும் வாங்கினேன். 84,000 ரிங்கிட். பட்டறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 26 கிலோவாட்தான் வரும் என்பதால் 30 போதும் என்று அவரும் சொன்னார், நானும் நம்பினேன். பொருத்தி முடித்த அன்று விளக்கையும் மின்விசிறியையும் ஓடவிட்டு மெயினை அணைத்துக் காட்டினார். விளக்கு ஒரு சிமிட்டுக்கூட இல்லை. முழுப் பணத்தையும் அன்றே கொடுத்தேன். இன்றைக்கு யாராவது என்னிடம் யோசனை கேட்டால், பத்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொண்டு, எல்லா இயந்திரங்களும் முழுச் சுமையில் ஓடும் நேரத்தில் மெயினை அணைக்கச் சொல்லுங்கள், அதன்பிறகு கொடுங்கள் என்பேன். நான் அந்தச் சோதனையைச் செய்யவில்லை. அடுத்த மின்தடை எனக்காகச் செய்தது. இரவு ஒன்பதே முக்கால், ஆறு கிரைண்டர்களும் உளுந்தோடு சுழன்றுகொண்டிருந்தன. மின்சாரம் போன மறுகணம் இன்வெர்ட்டர் ஒரு நீண்ட பீப் ஒலியோடு படுத்துவிட்டது. மீண்டும் எழுப்பினோம், மீண்டும் படுத்தது. மூன்றாவது முறைக்குப் பின் அது எழவே மறுத்தது. பாதி அரைபட்ட உளுந்து சூடேறி, ஒருவித வெல்லப்பாகு வாடை அடிக்கத் தொடங்கியது. 640 கிலோ. அதைவிட, மறுநாள் காலை மாவு போகாததால் ஜார்ஜ்டவுனில் இரண்டு உணவகங்கள் வேறு ஆளிடம் போய்விட்டன. அவை திரும்பி வரவே இல்லை.

காரணத்தைச் சொன்னவர் ஓய்வுபெற்ற சார்ஜ்மேன் ஒருவர், மின் அமைப்புகளைப் பொறுப்பேற்று நடத்தத் தகுதிச் சான்று பெற்றவர். எங்கள் கோயில் கமிட்டியில் இருப்பவர், நிபோங் திபால் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இளவயதில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டவர். மாமா என்று கூப்பிடுவேன். வந்தவர் பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கிரைண்டர் வயரில் மாட்டி, “இப்போ போடு தாயே” என்றார். ஓடும்போது ஐந்து ஆம்பியருக்குள் இழுக்கும் அந்த மூன்று குதிரைத்திறன் மோட்டார், கிளம்பும் கணத்தில் 28 ஆம்பியரைத் தொட்டுவிட்டு இறங்கியது. இண்டக்‌ஷன் மோட்டார்கள் கிளம்பும்போது இயல்பைவிட ஐந்திலிருந்து ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வெளிவலை பெரியது என்பதால் அதைக் கண்டுகொள்ளாது, சிறிய இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் விழுந்துவிடும். ஆறு கிரைண்டரும் சேர்ந்து கிளம்பினால் அந்த ஒரு கணத்துக்கு 116 கேவிஏ. அதோடு குளிரறைகளின் இரண்டு கம்ப்ரசர்கள். பெரிய இன்வெர்ட்டருக்கு விலை கேட்டபோது 60,000 ரிங்கிட்டுக்குமேல் சொன்னார்கள். மாமா சொன்ன வழிக்கு ஆன செலவு 7,400: ஒவ்வொரு கிரைண்டருக்கும் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் இன்வெர்ட்டர் டிரைவ் ஒன்று, கம்ப்ரசர்களுக்கு மென்மையாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர், எல்லாவற்றுக்கும் டைமர். மின்சாரம் போனால் முதலில் எல்லா மோட்டார்களும் நிற்கும். பிறகு முதல் குளிரறை, மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது, அதன்பின் கிரைண்டர்கள் இருபது விநாடிக்கு ஒன்றாக எழும். அந்த மூன்று நிமிடத்தைக் குறைக்காதீர்கள். நின்ற கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமநிலைக்கு வருவதற்குமுன் கிளப்பினால் அது திணறி இன்னும் அதிகமாக இழுக்கும்.

மாமாவுக்கு இதெல்லாம் புதிதாகவே தெரியவில்லை. அந்தக் காலத் தோட்டங்களில் வெளிமின்சாரம் எட்டாத இடங்களில் ஆலைக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் ஒரே ஜெனரேட்டர்தான். மாலை ஆறு மணிக்குப் போட்டுப் பத்து மணிக்கு அணைத்துவிடுவார்கள். எந்த லயம் எப்போது எரிய வேண்டும், ஆலை மோட்டார் கிளம்பும்போது எதை நிறுத்த வேண்டும் என்பதை ஒரு மனிதர் கையாலேயே செய்துகொண்டிருந்தார். “நீ லட்சக்கணக்கில் வாங்கி வெச்சிருக்கிறது அதேதான்மா, கை மட்டும்தான் இல்ல” என்றார். அவர் சொல்லித்தான் அளவெடுக்கும் கருவி ஒன்றை 1,100 ரிங்கிட்டுக்கு வாங்கி, பதினான்கு நாள் மெயின் பலகையில் மாட்டி, நிமிடத்துக்கு நிமிடம் சுமையைப் பதிவு செய்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது இதைத்தான். ரசீதைப் பார்த்து மாதத்தில் எத்தனை யூனிட் என்று சொல்லலாம். எந்த நிமிடத்தில் எவ்வளவு என்பதை அது சொல்லாது. பதிவில் முதலில் கண்ணில் பட்டது நள்ளிரவுக்குப் பிந்தைய சுமை. அரைப்பு முடிந்து, ஆட்கள் போய், கதவடைத்த பிறகும் 4 கிலோவாட்டுக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குளிரறைக் கதவின் ரப்பர் விளிம்பு கிழிந்து, ஒரு விரல் நுழையும் இடைவெளியில் குளிர் வெளியேறிக்கொண்டிருந்தது. கையை வைத்தால் ஜில்லென்று காற்று. 380 ரிங்கிட் ரப்பர். மாற்றிய பின் நாளுக்கு 19 யூனிட் குறைந்தது. அதே 19 யூனிட்டைத் தருவதற்கு ஐந்தரைக் கிலோவாட் தகடு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்ததாக அரைக்கும் நேரத்தை மாற்றினோம். இது ஆட்களிடம் பேசி ஒப்பவைக்க வேண்டிய வேலை. இரவுப் படி போய்விடும் என்று மூன்று பேர் முகம் சுளித்தார்கள், படியில் பாதியைச் சம்பளத்தில் சேர்த்த பிறகே ஒத்துக்கொண்டார்கள். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்கு ஊறவைத்து, பத்து மணிக்கு அரைக்கத் தொடங்கி, இரண்டு மணிக்குள் முடிக்கிறோம். தகடுகள் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். பகல் சூட்டில் அரைத்தால் மாவு சூடேறிச் சீக்கிரம் புளிக்குமே என்ற பயம் எனக்கும் இருந்தது; அதற்குத்தான் பனிக்கட்டித் தொட்டி. அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றும் பழக்கம் எங்களிடம் முன்பே உண்டு, கடையிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தோம். இப்போது தகடுகளில் மிஞ்சும் மின்சாரத்தில் 500 கிலோ பனிக்கட்டியை நாங்களே உறையவைக்கிறோம். அவ்வளவு பனிக்கட்டி உருகும்போது ஏறக்குறைய 46 யூனிட் அளவு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் கம்ப்ரசருக்கு அதை உறையவைக்க 18 யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகிறது. தொட்டிக்கும் குழாய்க்கும் 9,000 ரிங்கிட். அதே 18 யூனிட்டுக்குப் பேட்டரி வாங்கியிருந்தால் இரண்டு மடங்குக்குமேல் ஆகியிருக்கும். குளிர், தண்ணீர், அரைத்த மாவு என்று எதையெல்லாம் முன்கூட்டியே செய்து சேமித்துவைக்க முடியுமோ, அதையெல்லாம் வெயில் நேரத்துக்கு நகர்த்திய பிறகு மிஞ்சும் இரவுச் சுமைக்குத்தான் பேட்டரி அளவைக் கணக்கிட வேண்டும். நான் தலைகீழாகச் செய்ததில் என் 40 யூனிட் பேட்டரியில் பாதி இன்று பெரும்பாலான நாள்களில் வேலையின்றி இருக்கிறது.

ஜெனரேட்டர் விஷயத்தில் வேறொரு பிழை. நீண்ட மின்தடை ஒன்றில் பகலில் அதையும் ஓட்டினோம். ஜெனரேட்டரின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு சோலாரும் கிளம்பியது, எனக்கு ஒரே மகிழ்ச்சி, டீசல் மிச்சமாகிறதே என்று. அரை மணியில் புகைக்குழாயிலிருந்து கறுப்பாக எண்ணெய் சொட்டத் தொடங்கியது, விளக்குகள் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கின. தகடுகள் சுமையில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டதால், 32 கிலோவாட் தரவேண்டிய ஜெனரேட்டர் நான்கைந்து கிலோவாட்டில் உறுமிக்கொண்டிருந்தது. டீசல் இயந்திரத்தை அதன் திறனில் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால், எரிபொருள் சரியாக எரியாமல் சிலிண்டரிலும் குழாயிலும் படியும். மேகம் விலகித் தகடுகள் திடீரென்று எகிறினால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாயவும் கூடும். பழுது பார்க்க 3,200 ரிங்கிட் ஆயிற்று. செலவுக் கணக்கும் கண்ணைத் திறந்தது: நல்ல சுமையில் ஒரு யூனிட்டுக்கு 0.3 லிட்டருக்குள் குடிக்கும் அது, குறைந்த சுமையில் அரை லிட்டர் குடித்தது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 3.35 ரிங்கிட்டாக ஏறியபோது, முதல் வகைக்கு யூனிட் ஒரு ரிங்கிட், இரண்டாம் வகைக்கு 1.68 என்றானது. இப்போது ஜெனரேட்டர் பேட்டரி 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் மட்டுமே கிளம்பும், கிளம்பினால் முக்கால் சுமையில் ஓடிப் பேட்டரியை 70 விழுக்காடுவரை ஏற்றிவிட்டு நின்றுவிடும். அந்த நேரத்தில் சோலாரைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அடக்கிவைக்கும்.

பேட்டரி நிறைந்திருக்கும்போதும் ஆபத்து உண்டு என்பதை நான் கற்பனைகூடச் செய்திருக்கவில்லை. ஒரு ஞாயிறு, அரைப்பு இல்லை, பேட்டரி 99 விழுக்காடு, நண்பகல் மின்தடை. தகடுகள் 22 கிலோவாட் தருகின்றன, உள்ளே 5 கிலோவாட்தான் வேலை. மீதி எங்கே போகும்? இந்த நிலையில் தாளம் போடும் இன்வெர்ட்டர் அதிர்வெண்ணைச் சற்று உயர்த்தும். அதைக் கண்டு சோலார் இன்வெர்ட்டர்கள் படிப்படியாகத் தங்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். என் கூரையில் இருந்தவை படிப்படியாகக் குறைக்கும் அமைப்பில் வைக்கப்படவில்லை. ஓர் எல்லையைத் தாண்டியதும் எல்லாம் ஒன்றாக அறுந்துவிழும், ஐந்து நிமிடம் கழித்து எல்லாம் ஒன்றாகத் திரும்பி வரும். மூன்றாவது சுற்றில் முழுப் பட்டறையும் இருண்டது. பேட்டரி நிறைய மின்சாரம், கூரை நிறைய வெயில், உள்ளே கும்மிருட்டு. சோலார் போட்டவர் ஒருவர், பேட்டரி போட்டவர் வேறொருவர். இருவரும் மற்றவரைக் கைகாட்டினார்கள். கடைசியில் மடிக்கணினியோடு இருவரையும் ஒரே நாளில் வரவழைத்து, பகல் சாப்பாடும் வாங்கிக்கொடுத்து உட்காரவைத்தேன். நாற்பது நிமிடத்தில் அமைப்பை மாற்றி முடித்தார்கள். பகலில் பேட்டரி 90 விழுக்காட்டுக்குமேல் ஏறாமல் இப்போது வைத்திருக்கிறோம், பத்து நாளுக்கு ஒருமுறை மட்டும் நூறுவரை விடுகிறோம். இந்த வகை லித்தியம் பேட்டரியின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறக்குறைய மாறாமலே இருப்பதால், அவ்வப்போது முழுதாக ஏற்றாவிட்டால் அது காட்டும் விழுக்காடு பொய்யாகிக்கொண்டே போகும்.

இவை எல்லாம் பணநட்டம். ஒன்று மட்டும் நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்த ஓர் இரவு, பொட்டலம் போடும் எவர்சில்வர் மேசையைத் தொட்ட பெண் “சுர்ருங்குது அக்கா” என்று கையை உதறினாள். தரையெல்லாம் தண்ணீர், காலில் ரப்பர் செருப்பு. அந்தச் செருப்புதான் காப்பாற்றியது. வெளிவலையோடு இணைந்திருக்கும்போது நியூட்ரல் வயர் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பூமியோடு கட்டப்பட்டிருக்கும். தனித்து ஓடத் துண்டிக்கும்போது எங்கள் சுவிட்ச் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டித்துவிட்டது. உள்ளே அது பூமியோடு கட்டப்படவில்லை. அந்த நிலையில் கசிவு ஏற்பட்டாலும் மின்னோட்டம் திரும்பிச் செல்லச் சரியான வழி இல்லாததால், கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டித்து உயிர்காக்கும் ஆர்சிடி சுவிட்ச் விழாது. தனித்து ஓடும்போது மட்டும் நியூட்ரலைப் பூமியோடு இணைக்கும் ரிலே ஒன்றைப் பதிவுபெற்ற வயர்மேன் வந்து பொருத்தினார். பொருளும் கூலியுமாக 650 ரிங்கிட். பேட்டரி அமைத்தவர் “எல்லாம் பூமியோடு கட்டியாச்சு” என்று சொன்னால் நம்பாதீர்கள். மெயினை அணைத்து, பேட்டரியில் ஓடும்போது ஆர்சிடி சோதனைக் கருவியால் ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். இதை மட்டும் நானாகச் செய்து பார்க்கத் துணியவில்லை, நீங்களும் துணியாதீர்கள்.

சின்னச் சின்னவையும் உண்டு. பேட்டரியைக் கம்ப்ரசர் அறைக்குப் பக்கத்தில் வைத்ததால் அறை வெப்பம் 41 பாகையைத் தொட்டு, அது தானாகவே ஏற்றத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது. வடக்குச் சுவர் ஓரத்துக்கு மாற்றியபின் சரியானது. நம் ஊர் இடி லேசுப்பட்டதில்லை. ஒருமுறை தகவல்பெட்டி மட்டும் கருகி, பதினொரு நாள் எந்த அளவும் தெரியாமல் குருட்டாட்டமாக ஓட்டினோம், மின்னெழுச்சித் தடுப்பானைத் தகட்டு வயருக்குப் போட்டவர்கள் தகவல் வயருக்குப் போட மறந்திருந்தார்கள். சிந்தும் அரிசிக்கு வரும் புறாக்கள் கூரையில் உட்கார்ந்து ஒரு வரிசைத் தகடுகளை வெள்ளையடித்துவிட்டன. காற்றாலை ஒன்றும் வைக்கலாமே என்று ஒருவர் 18,000 ரிங்கிட்டுக்கு விலை கொடுத்தார். காற்றிலிருந்து கிடைக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப்பெருக்கத்தைப் பொறுத்தது, வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒன்று. எங்கள் பகுதியில் துணி காய்வதற்கே காற்று போதாது. அதற்கு மட்டும் நான் ஏமாறவில்லை.

கூட்டிப் பார்த்தால் இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் ரிங்கிட்டை நெருங்குகிறது, அதில் குறைந்தது ஐம்பதாயிரம், எதை முதலில் செய்வது என்ற வரிசை தெரியாமல் செய்ததற்கான அபராதம். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பதினொரு மணிக்கு, ஆறு கிரைண்டரும் ஓடும்போது, நானே மெயினை அணைக்கிறேன். பையன்கள் வாய்விட்டு எண்ணுவார்கள். முதல் குளிரறை, இரண்டாவது, பிறகு கிரைண்டர்கள். சென்ற மாதம் நான்காம் கிரைண்டர் எழவில்லை, டைமரில் ஒரு திருகு தளர்ந்திருந்தது. உண்மையான மின்தடைக்குமுன் தெரிந்ததே என்று தேங்காய் உடைத்தோம். பக்கத்து இரும்புப் பட்டறைத் தவுக்கே, அதாவது முதலாளி, இதையெல்லாம் பார்த்துவிட்டு, தானும் பேட்டரி வாங்கப்போவதாகவும் என் ஆளின் நம்பர் வேண்டும் என்றும் போன வாரம் கேட்டார். நம்பர் பிறகு தருகிறேன் என்று சொல்லி அளவெடுக்கும் கருவியைக் கையில் கொடுத்திருக்கிறேன். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது; அவருடைய வெல்டிங் இயந்திரம் இழுக்கும் இழுப்பைப் பார்த்துவிட்டு நேற்று இரவு என்னைக் கூப்பிட்டார்.